மோகனூர் மணலில் ஒரு பனிவண்டி

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வண்டி. பக்கத்து இருக்கைக்காரர், "எங்கூர்ல ஒரு பொம்பளை, பனியில ஓட்டற பந்தய வண்டிய ஆத்து மணல்ல ஓட்டுச்சுங்க" என்றார். நான் மேலே கேட்பதற்குள் ராசிபுரம் வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மீதியை நான்தான் எழுதியாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 'கனடாவின் உறைந்த ஏரி ஒன்றில் வெண்பனியைக் கிழித்துக்கொண்டு அந்த வண்டி...'

(இதோடு நிறுத்திவிட்டேன். நான் பனியைப் பார்த்ததில்லை. ஏற்காட்டு மூடுபனியோடு சரி.)

இரண்டாவது தொடக்கம்: 1976. மோகனூரில் கரும்புத் தோட்டமும் இரண்டு லாரியும் வைத்திருந்தவர் சென்னிமலை. சென்னைத் துறைமுகத்தில் யாரும் உரிமை கேட்டு வராத சரக்குகளை ஏலம் விட்டபோது, ஜெனரேட்டர் என்று நம்பி ஒரு மரப்பெட்டியை எடுத்து லாரியில் போட்டு வந்தார். உடைத்துப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் தாழ்வாக ஒரு வண்டி. முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, அடியில் அகலமான ரப்பர் பட்டை.

அது யாருக்கு அனுப்பிய வண்டி, எங்கே ஓடி எதை ஜெயித்தது? இந்த இடத்தில் மூன்று பத்தி எழுதி அடித்துவிட்டேன். எல்லாமே புளுகு போல ஒலித்தன.

3

சேலத்திலிருந்து மோட்டார் சைக்கிள் மெக்கானிக் கஸ்பாரை வரவழைத்தார்கள்.

"ஏனுங்க கஸ்பாரு, சக்கரத்தக் கழட்டிக்கிட்டு அனுப்பீட்டானுகளா?" என்றார் சென்னிமலை.

"இதுக்குச் சக்கரமே கெடையாதுங்கண்ணா. பனி மேல பந்தயம் உடற வண்டி. எங்க கோயில் வெள்ளக்கார ஃபாதர் அவுரு ஊர்ப் படத்துல காட்டியிருக்காரு. இந்த மாதிரி மொத்தமே கொஞ்சந்தான் செஞ்சாங்களாம்."

சென்னிமலையின் மனைவி செல்லாயி எட்டிப் பார்த்தாள். "பனியா? மார்கழில புல்லு மேல கெடக்குமே, அதுலயா?"

(நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இதற்கு நான் எதுவும் செய்ய முடியாது.)

ஆற்றில் வெள்ளம் வடிந்து மணல் ஈரமாக இருந்த ஒரு காலை, வண்டியைக் கரையிலிருந்து இறக்கினார்கள். கஸ்பார் இன்ஜினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்ததும் கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. சென்னிமலை ஏறினார், பறந்தார், வளைவில் விழுந்தார். தோளெலும்பு முறிந்தது. "இனி எவனும் அதத் தொடப்படாது" என்று படுத்தபடியே சொன்னார்.

4

செல்லாயி விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில் அவளை வெறுமனே திட்டுகிற மனைவியாக எழுதியிருந்தேன். வண்டியைத் திட்டினாள், புருஷனைத் திட்டினாள், கஸ்பாருக்குக் காப்பி கொடுத்துவிட்டு அவரையும் திட்டினாள். எழுதச் சுலபமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம்.

அவள் மாட்டுவண்டியில் வந்து வாழ்க்கைப்பட்டவள். பிறகு பேருந்திலும் லாரியிலும் போனாள், எப்போதும் வேறு யாரோ ஓட்ட. இதை எழுதிய பிறகு அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

சென்னிமலை லோடு ஏற்றி வடக்கே போன ஒரு ஞாயிறு, கோயில் பூசை முடித்துவிட்டு, வண்டி துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் போட வந்த கஸ்பாரிடம் கேட்டாள்: "மொதல்ல எப்படி நிறுத்தறதுன்னு சொல்லு சாமி. அப்புறம் ஓட்டறதச் சொல்லிக் குடு."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும். உளுந்தவருக்கு என்ன பேச்சு?"

கொசுவத்தை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நாள் ஊர்ந்தாள். பிறகு ஈரமணல் கிடைத்த ஞாயிறெல்லாம் ஓட்டினாள். ஊர் பேசியது. சென்னிமலைக்கும் தெரிந்துபோயிற்று. ஒருமுறை, "வளைவுல ஒடம்ப உள்ளபக்கம் சாய்ச்சுக்கோ" என்றார்.

5

1983. மழை பொய்த்துவிட்டது. கிணற்றின் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது. ஏற்றுகிற டீசல் இன்ஜினோ பிஸ்டன் உடைந்து கிடக்கிறது. உதிரிபாகம் வருவதற்குள் கரும்பு காய்ந்துவிடும். இரவல் கேட்டால், ஒவ்வொருவர் இன்ஜினும் அவரவர் கிணற்றுக்கே போதவில்லை.

"அந்த வண்டி இன்ஜினக் கழட்டி பம்புல மாட்டு" என்றார் சென்னிமலை.

"சூடு தணிய ஃபேன் கட்டி ஓட்டலாங்கண்ணா. ஒரு தண்ணி பாயும், கரும்பு பொழைக்கும். அதோட இன்ஜின் இறுகிப்போயிரும். மறுபடி எதுக்கும் ஆகாது."

சென்னிமலை செல்லாயியைப் பார்த்தார். முதல்முறையாக அவர் முகத்தில் கெஞ்சல் இருந்தது. (இந்த வாக்கியத்தை மூன்றுமுறை மாற்றினேன். கெஞ்சல்தான்.)

"கழட்டிக்குங்க" என்றாள் அவள். கஸ்பார் ஸ்பானரை எடுத்தார். "இரு சாமி. ஒருக்கா போயிட்டு வாரேன்" என்றாள் செல்லாயி.

"அக்கா, மணல் பொட்டாக் காஞ்சு கெடக்குது. ஈரமில்லாம பட்டை தீஞ்சிரும். இன்ஜினும் சூடேறிக்கும்."

"வாரேன்னு சொன்னனல்ல?"

6

ஒரு முடிவு: அவள் திரும்பி வருகிறாள், இன்ஜின் பம்பில் ஏறுகிறது, கரும்பு பிழைக்கிறது. எழுதிப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அவள் அதைப் பார்க்க வரவேயில்லை.

இன்னொரு முடிவு: போன இடத்திலேயே இன்ஜின் இறுகி நின்றுவிடுகிறது. வண்டியும் போயிற்று, கரும்பும் போயிற்று. அதில் சென்னிமலையை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆகவே, இப்போது இருக்கிற நிலைமை இது: மஞ்சள் வண்டி மணல்மேட்டைத் தாண்டி மறைந்துவிட்டது. சத்தம் மட்டும் கேட்கிறது, குறையாமல். கஸ்பார் ஆற்றுக்குள் இறங்கி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நிற்கிறார். சென்னிமலை கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல் இருக்கிறார். பின்னால் தோட்டத்தில் காய்ந்த கரும்புச் சோகைகள் உரசுகின்றன.

அவளைத் திருப்ப எனக்கு ஒரு வாக்கியம் போதும். எழுதமாட்டேன். நீங்களும் கரையில்தான் நிற்கிறீர்கள். கூப்பிடுவதென்றால் இப்போதே கூப்பிடுங்கள்.