நடுவிலிருந்து நடுவுக்கு

சக்கரம் தண்டவாளத்தில் உட்காரவில்லை. நாலு பேர் சேர்ந்து அச்சோடு தூக்கி வைத்தார்கள். இடது சக்கரம் ஒழுங்காக இறங்கியது, வலது சக்கரம் தண்டவாளத்தின் தலைமேல் ஏறி நின்றுகொண்டது. வலதை இறக்கினால் இடது ஏறிக்கொண்டது. முபாரக் இன்னொரு முறை தூக்கச் சொன்னார். மூன்றாவது தடவையும் அதே கதைதான். தூக்கிய நாலு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. உப்பளத்து வெயில் அதற்குள் கண்ணைக் குத்த ஆரம்பித்திருந்தது.

"புதுச் சக்கரம் பாய். கொஞ்சம் ஓடினா சரியாயிடும்" என்றார் தெய்வசிகாமணி.

"செருப்பா ஐயா இது, போடப் போட இளகிக் குடுக்கறதுக்கு?"

தெய்வசிகாமணி உப்பு ரயில் மீட்புக் குழுவின் செயலாளர். அறுபத்தாறு வயது. முப்பது வருடமாகப் பாத்தி குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிப்பவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, வாயில் எப்போதும் ஒரு சொற்பொழிவு. நாளை திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு அரசு அதிகாரி வருகிறார். இந்தச் சக்கரங்கள் பூட்டிய புது டிராலி உப்போடு பாத்தி ஓரத்திலிருந்து கால்வாய்க் கரைவரை ஓடிக் காட்ட வேண்டும். ஓடினால் தண்டவாளம் குழுவின் பொறுப்பில் இருக்கும். ஓடாவிட்டால் பழைய ஷெட்டோடு சேர்த்து இரும்பு ஏலத்தில் போய்விடும். அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் எல்லாம் தெளிவாகவே எழுதியிருந்தது. தெய்வசிகாமணி அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். அதில் காட்டிய அக்கறையில் பாதியைச் சக்கரத்தில் காட்டியிருக்கலாம் என்று முபாரக்குக்குத் தோன்றியது.

இதை ரயில் என்று சொல்வதற்கே அவர் ஒருநாளும் முழு மனதாக ஒப்பியதில்லை. எப்போதோ ஓர் உப்புக் கம்பெனி போட்ட சின்னத் தண்டவாளம். மொத்த நீளம் இருநூற்று நாற்பது மீட்டர். எஞ்சின் என்று ஒன்று இருந்ததே இல்லை. டிராலியில் உப்பை ஏற்றி ஆட்கள் தள்ளிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். கால்வாய்க் கரைக்கு லாரி வர ஆரம்பித்த பிறகு கம்பெனி மூடிக்கொண்டது, டிராலிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை, தண்டவாளத்தைச் சேறும் முள்ளும் மூடிவிட்டன. ஆனால் குழுவின் வாட்ஸ்அப்பில் அந்த ரயில் வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டே போனது. ஒருவருடைய தாத்தா அதற்குப் பச்சைக் கொடி காட்டியவராம். இன்னொருவர் அது திண்டிவனம் வரைக்கும் போனதாகச் சத்தியம் செய்தார். சென்னையில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், அந்த ரயில் கூவுகிற சத்தம் இன்னமும் காதில் கேட்கிறது என்று அழுகிற குரலில் வாய்ஸ் அனுப்பியிருந்தார். எஞ்சினே இல்லாத ரயில் எந்த வாயால் கூவியது என்று டைப் அடித்து, அனுப்பாமல் அழித்தார் முபாரக். குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஆறு மாதமாகச் சேற்றையும் முள்ளையும் அகற்றக் கடப்பாரை பிடிக்க வருகிறவர்கள் ஒன்பது பேர்.

அந்த ஒன்பது பேரில் தண்டவாளம் தெரிந்தவர் முபாரக் ஒருவர்தான். சவூதியில் பத்தொன்பது வருடம் ரயில் பாதைப் பராமரிப்பில் இருந்தார். பாலைவனத்து மணல் பாதையை மூடும், அள்ளிப் போடவேண்டும், மறுநாள் மறுபடி மூடும். வெயிலில் இரும்பு நீண்டு நெளியும், அளந்து சரிசெய்ய வேண்டும். கடைசி ஆறு வருடம் அளவுப் புத்தகத்தில் அவர் கையெழுத்து இல்லாமல் அந்தப் பகுதியில் வண்டி நகராது. அவர் ஊரான கோட்டக்குப்பத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு அவர் சவூதியிலிருந்து வந்த முபாரக், மச்சானோடு சேர்ந்து மொபைல் கடை போட்டிருப்பவர். செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டும்போது சில நாள் அவர் கை தண்டவாளத்து டேப்பைத் தேடும். தனக்குத் தெரிந்த ஒரே வேலைக்குத் தன் ஊர்ப் பக்கத்தில் இருக்கிற ஒரே இடம் இந்த இருநூற்று நாற்பது மீட்டர்தான். அது ஏலத்தில் போனால் மிச்சக் காலம் முழுக்கக் கண்ணாடிதான் ஒட்டவேண்டும்.

பையிலிருந்து டேப்பை எடுத்தார். தண்டவாளங்களுக்கு நடுவே உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு வைத்தார். சரியாக இரண்டடி. பிறகு சக்கரங்களின் இடைவெளியை அளந்தார். ஒன்றரை அங்குலம் கூடுதல்.

"ஐயா, பட்டறைக்கு என்ன அளவு குடுத்தீங்க?"

"ரெண்டடி ஒன்றரை அங்குலம். நானே நேர்ல வந்து எடுத்த அளவு."

"எப்படி எடுத்தீங்க? இந்தாங்க டேப், எடுத்துக் காட்டுங்க."

தெய்வசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். டேப்பின் நுனியை இடது தண்டவாளத்தின் தலைக்கு நட்ட நடுவில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மறுமுனையை வலது தண்டவாளத்தின் நட்ட நடுவுக்கு இழுத்தார். நிமிர்ந்து பார்த்த முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

"நடுவுல இருந்து நடுவுக்கு. வேற எப்படி அளக்கறது? வரப்பு ரெண்டு பாத்திக்கும் பொதுவாச்சே. பாதி அவனுக்கு, பாதி நமக்கு. எங்க அப்பன் காலத்துலேந்து இப்படித்தான்."

முபாரக் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கத்தவேண்டும்போல இருந்தது. ஆனால் இந்த மனிதர் அளவைத் தப்பாக எடுக்கவில்லை. உப்பளத்தில் எல்லோரும் எப்படி அளப்பார்களோ அப்படிக் குறையே இல்லாமல் எடுத்திருக்கிறார். "ரயிலு தண்டவாளத்து நடுவுலயா ஐயா ஓடுது? சக்கரத்தோட விளிம்பு உள்பக்கம் இறங்கணும். உள்ளேந்து உள்ளுக்கு அளக்கணும்" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல. தெய்வசிகாமணி கையிலிருந்த டேப்பையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கோபம் பிறகு தன் பக்கமே திரும்பியது. அளவு யார் எடுத்தது என்று மூன்று தடவை கேட்டவர்தான் முபாரக். நானே எடுத்தேன் என்று மூன்று தடவையும் பதில் வந்தது, விட்டுவிட்டார். சவூதியில் அடுத்தவன் எடுத்த அளவுக்கு ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. இங்கே மட்டும் பெரியவர் மனசு கோணக்கூடாது என்று மரியாதை பார்த்தார். அந்த மரியாதையின் அகலம் ஒன்றரை அங்குலம்.

சக்கரத்தை அச்சிலிருந்து நகர்த்தப் பெரிய பட்டறை வேண்டும். பாண்டிச்சேரியில் தெரிந்த பட்டறைக்காரருக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் திங்கள் பத்து மணிக்குத்தான் கதவைத் திறப்பார். அப்படியென்றால் சக்கரம் நகராது, தண்டவாளம்தான் நகரவேண்டும். இடது தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு, வலது பக்கம் முழுவதும் குறுக்குக் கட்டைகளில் அடித்த ஆணிகளைப் பிடுங்கி, ஒன்றரை அங்குலம் வெளியே தள்ளி, மறுபடி அடிக்கவேண்டும். இருநூற்று நாற்பது மீட்டர். ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் பேனர் கட்டப் போயிருந்தார்கள்.

அந்த பேனர் வேறு. கரும்புகை கக்கிக்கொண்டு வரும் ராட்சத எஞ்சின் படம், அதன்மேல் தெய்வசிகாமணியின் சிரித்த முகம்.

"எஞ்சின் எங்க ஐயா இருந்துச்சு இங்க?" என்று போன வாரமே கேட்டிருந்தார் முபாரக்.

"எஞ்சின் போடலன்னா ரயில்னு யாரு பாய் நம்புவாங்க?"

ஒன்பதரைக்கு வேலை தொடங்கியது. சக்கரத்தின் அளவுக்கு ஒரு குழாயை வெட்டி முபாரக் அளவுகோல் செய்துகொண்டார். கடப்பாரையால் ஆணியை நெம்ப இரண்டு பேர், தண்டவாளத்தைத் தள்ள மூன்று பேர், சம்மட்டிக்கு ஒருவர். உப்புக் காற்றில் ஆணிகள் கட்டையோடு ஒட்டிக்கிடந்தன. ஒரு மணி நேரத்தில் ஆறு மீட்டர் முடிந்தது. இந்தக் கணக்கில் போனால் வியாழக்கிழமைதான் கால்வாய்க் கரை.

பதினோரு மணிவாக்கில் மனைவி மெஹரூன்னிசா போன் செய்தாள். "ஏங்க, கடைக்கு வரலியா? ஞாயித்துக்கிழமைதான் யாவாரமே." விஷயத்தைச் சொன்னார். "சவூதில பத்தொம்பது வருஷம் இதையேதானே பண்ணீங்க. போதலியா?"

"அங்க பண்ணேன். இங்க ஒரு தடவகூடப் பண்ணலியே."

"அல்லாஹ்" என்று பெருமூச்சு விட்டாள். "தண்ணி குடிச்சிட்டாவது பண்ணுங்க. மயங்கி விழுந்தா அந்த வாட்ஸ்அப்காரங்க போட்டோதான் எடுப்பாங்க."

உப்பு வாரும் வேலை முடித்துப் பெண்கள் கரையேறும் நேரம் அது. முன்னால் வந்த மலர்கொடி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கால் இரண்டும் உப்பில் வெளுத்து வெடித்திருந்தன. ஆறு மாதமாகத் தினமும் இவர்களைத் தாண்டிப் போகிறவள், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

"எதுக்கு பாய் போட்டதையே பேத்துப் போடறீங்க?"

சொன்னார். அவள் தெய்வசிகாமணியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆணியை நெம்பிக்கொண்டிருந்தார்.

"ரயிலு ரயிலுன்றாங்க" என்றாள் மலர்கொடி. "இதைத் தள்ளினது எங்கம்மா. மாசமா இருக்கும்போதுகூடத் தள்ளுச்சாம். ரயிலுன்னு பேரு வச்சது ஆபீஸ்காரங்க. அது நெஜமா உப்பு ஏத்திட்டுப் போவுமா, இல்ல டவுன்காரங்க ஏறிப் போட்டோ புடிக்கவா?"

இந்தக் கேள்வியைக் குழுவில் யாரும் இதுவரை கேட்கவில்லை. "நாளைக்கு உப்பைத்தான் ஏத்தறோம்" என்றார் முபாரக். "நாளன்னைக்கும் உப்புதான். நான் இருக்கற வரைக்கும் உப்புதான்."

"எங்களுக்கு ரயிலு வேணாம் பாய். தலையில இருக்கறது எறங்கணும்." அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். பதினாலு பெண்கள் வந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் தண்டவாளம் நகர்ந்தது. அந்தப் பெண்களுக்கு யாரும் எதையும் இரண்டாவது தடவை சொல்லவேண்டியிருக்கவில்லை. தெய்வசிகாமணியின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி நெம்பினார். ஓரமாக உட்காரச் சொல்லி முபாரக் கத்தினார், அவர் காதில் வாங்கவில்லை. மனுஷனை நிம்மதியாகத் திட்டக்கூட முடியவில்லையே என்று முபாரக்குக்கு எரிச்சலாக வந்தது. இருட்டும்போது நூற்று இருபது மீட்டர் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் பாத்திக்குப் போகவேண்டிய பெண்கள் நேராகத் தண்டவாளத்துக்கு வந்தார்கள். குழுவிலிருந்தும் முப்பது பேர் வந்திருந்தார்கள், இஸ்திரி போட்ட சட்டையோடு. அவர்கள் பேனருக்குக் கீழே நின்று ஒருவருக்கொருவர் சால்வை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தே முக்காலுக்கு ஜீப் வந்தபோது இன்னும் நாற்பது மீட்டர் பாக்கி இருந்தது.

அதிகாரி முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். "நம்ம ஊர்ப் பொண்ணுதான் பாய், அவங்க அப்பாவுக்கு நாப்பது பாத்தி இருந்துச்சு" என்று தெய்வசிகாமணி பத்து நாளாகப் பெருமை அடித்துக்கொண்டிருந்தவள். சால்வையை வாங்கி ஜீப்பில் போட்டுவிட்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

பன்னிரண்டு கூடை உப்பு ஏற்றியிருந்தது. மலர்கொடியும் இன்னொருத்தியும் பின்னால் கை வைத்துத் தள்ளினார்கள். சக்கரம் முதலில் கிறீச்சென்றது, பிறகு சத்தம் அடங்கி உருள ஆரம்பித்தது. முபாரக் பக்கத்திலேயே குனிந்தபடி ஓடினார். விளிம்பு எங்கேயும் ஏறவில்லை, எங்கேயும் தட்டவில்லை. இருநூறாவது மீட்டரில் தண்டவாளம் பழைய அளவுக்குக் குறுகியது. கையை உயர்த்தினார். டிராலி நின்றது.

கால்வாய்க் கரையில் லாரி பக்கத்தில் காத்திருந்த அதிகாரி இவர்களை நோக்கி நடந்து வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் மலர்கொடி ஒரு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி, மிச்ச நாற்பது மீட்டரை நடக்க ஆரம்பித்திருந்தாள். மற்ற பெண்களும் ஆளுக்கொரு கூடையோடு பின்னால் போனார்கள்.

"ஏன் இங்கயே நின்னுடுச்சு?"

தெய்வசிகாமணி தொண்டையைக் கனைத்தார். வரலாறு, பாரம்பரியம் என்று அரைமணி நேரம் ஓடப்போகிறது என்று முபாரக் பல்லைக் கடித்தார்.

"நான் தப்பா அளந்துட்டேம்மா" என்றார் தெய்வசிகாமணி. "அந்த பாய்மேல ஒரு குத்தமும் இல்ல. நேத்துலேந்து திருப்பிப் போட்டுட்டிருக்கோம்."

அவள் அவருடைய துண்டு சுற்றிய கையைப் பார்த்தாள். லாரிப் பக்கம் வரிசையாகப் போகும் கூடைகளைப் பார்த்தாள். "டேப் இருக்கா?" என்றாள்.

முபாரக் கொடுத்தார். அவள் கையிலிருந்த ஃபைலை டிராலியின் மேல் வைத்துவிட்டு, துப்பட்டாவை முடிந்துகொண்டு குந்தினாள். டேப்பின் நுனியை இடது தண்டவாளத்தின் நட்ட நடுவில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். மறுமுனையை வலது தண்டவாளத்தின் நட்ட நடுவுக்கு இழுத்தாள்.

முபாரக் கண்ணை மூடித் திறந்தார். பக்கத்தில் தெய்வசிகாமணி கிழிந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. மரியாதை பார்த்தது போதும் என்று முபாரக் அவளுக்கு எதிரே மண்டியிட்டார்.

"உள்ளேந்தும்மா" என்றார். அவள் கட்டைவிரலுக்கு அடியிலிருந்து நுனியை மெல்ல உருவி, தண்டவாளத்தின் உள்விளிம்புக்கு நகர்த்தி, தன் விரலால் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு கணம் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்து முனையையும் உள்ளே நகர்த்திக்கொண்டு, குனிந்து, எண்ணை உரக்கப் படித்தாள். லாரியிலிருந்து காலிக் கூடையோடு திரும்பி வந்த மலர்கொடி டிராலியிலிருந்த ஃபைலைத் தூக்கி அதிகாரியின் மடியில் வைத்துவிட்டு, அதற்குக் கீழே இருந்த அடுத்த கூடையை எடுத்துக்கொண்டாள்.