பெஞ்சு ஏற்றிய லாரி

பல்கலைக்கழகத்தின் தொலைநோக்குத் திட்டம் தலையணை கனத்தில் அச்சாகி வந்திருந்தது. வழவழப்பான காகிதம், அட்டையில் சூரிய உதயம். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் வளர்ச்சி, விரிவாக்கம், உலகத்தரம் என்றே இருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஒற்றை வரி: இனயம் கடலோர மையம் மூடப்பட்டு, மாணவர்கள் தக்கலை வளாகத்துக்கு மாற்றப்படுவார்கள்.

"மாற்றப்படுவார்களாம்" என்று முணுமுணுத்தாள் பெமிலா. மாணவன் என்ன பூந்தொட்டியா, இங்கிருந்து தூக்கி அங்கே வைக்க?

அந்த மையத்துக்கு நான்கு வருடமாக அவள்தான் பொறுப்பாளர். மூடினால் அவளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. தக்கலை வளாகத்தில் இயற்பியல் துறையில் அவளுடைய நாற்காலி இன்னும் இருக்கிறது, வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம். ஆனால் பள்ளிக்கூடம் முடித்ததும் விசைப்படகில் ஏறிவிட்ட இளைஞர்களுக்கென்று தொடங்கிய படிப்பு அது. படகு எஞ்சின், குளிர்பதனம், கருவிகள் என்று தினம் சாயங்காலம் இரண்டு மணி நேரமாக ஒரு வருட டிப்ளமோ. முதல் வருடம் சேர்ந்த ஷாஜன், "டீச்சர், இது கையில கிட்டினா நான் கரையில சொந்தமா எஞ்சின் பட்டறை போடுவேன்" என்று சொன்னபோது அவன் முகம் இருந்த இருப்பை அவள் மறக்கவில்லை. மையத்தை மூடினால் அவன் பஸ் ஏறித் தக்கலைக்கு வரப்போவதில்லை. பட்டறை கனவாகவே போய்விடும்.

இதில் கொடுமை என்னவென்றால், மூடச் சொன்னவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் சேர்க்கையின்போது தக்கலையில் கூடம் நிறையும். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியதும் பாதி இடம் காலி. தீபாவளிக்குள் நாலைந்து பேர். இதுவரை ஒருவன்கூட டிப்ளமோவை முடிக்கவில்லை. ஷாஜனே இரண்டு முறை சேர்ந்து இரண்டு முறை காணாமல் போனவன். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. அவன் அம்மா பூங்கனியிடம் கேட்டால், "அவன் கடலுக்குப் போயிட்டான் மக்கா, நான் என்ன செய்ய" என்பாள். பூங்கனி தக்கலைச் சந்தையில் மீன் விற்பவள். பெமிலாவுக்கு வாடிக்கையான கடை அதுதான்.

திட்டக்குழுவின் தலைவர் தாணப்பன். தேரூர்ப் பக்கத்து வயற்காட்டுக் குடும்பம். அவருக்கு நெல்லை விட்டால் உவமை கிடையாது.

"வெளையாத வயலுக்குத் தண்ணி விட முடியாது, கேட்டியளா" என்றார் அவர், பெமிலா அவர் அறையில் போய் நின்றபோது. "நாலு வருசம் பாத்தாச்சு. ஒரு பய பாசாகல்ல. இனி எதுக்கும்மா அந்த ஹாலு?"

"பிள்ளேளு ஆசையாத்தான் சார் சேருதாவ. பெறவு..."

"பெறவு காணாமப் போவாவ. அதத்தானே நானும் சொல்லுதேன்." அவர் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. "ஆகஸ்டில ஆட்சிக்குழு கூடும், அங்க முடிவாகும். அதுக்கு முன்னால பெஞ்சையெல்லாம் இங்க கொண்டு வந்திருவோம். நான் லாரிக்குச் சொல்லியிருக்கேன். நீங்க கூட நின்னு ஏத்தி விடுங்க."

ஜூன் பிறந்ததும் லாரி வந்தது. மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த காலையில் பெமிலா டிரைவரோடு இனயத்தில் போய் இறங்கினாள். சுமை ஏற்ற ஆள் கிடைக்குமா என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்தவளுக்கு ஆச்சரியம். தெரு முழுக்க ஆண்கள். தேவாலயத்துச் சுவரோரம் வலை முடைகிறவர்கள், டீக்கடையில் சீட்டு ஆடுகிறவர்கள், சும்மா நின்று மழையைப் பார்க்கிறவர்கள். நான்கு வருடத்தில் இனயத்தில் இவ்வளவு இளவட்டங்களை அவள் பார்த்ததில்லை. பார்த்திருக்க வழியுமில்லை; ஜூனில் அவளுக்குச் சேர்க்கை வேலை, அது முழுக்கத் தக்கலையில்.

"டீச்சரே, இது எங்க கொண்டு போறிய?" என்று ஷாஜன் ஓடி வந்தான். பெஞ்சு என்றதும் எதற்கென்றுகூடக் கேட்காமல் கூட்டாளிகளைக் கூப்பிட்டுத் தூக்க ஆரம்பித்துவிட்டான். உதவி என்றால் அங்கே கேள்வி பிறகுதான்.

பாதி பெஞ்சு ஏறியபிறகு பெமிலாவால் பொறுக்க முடியவில்லை. "ஏலே ஷாஜன், நான் போன் போட்டா ஒருநாளும் கிட்டமாட்டே. இப்ப மட்டும் எல்லாவனும் எங்கயிருந்து வந்திய?"

"மீன்பிடித் தடைக்காலமல்லா டீச்சர். போட்டெல்லாம் கட்டிப் போட்டாச்சு. ஜூலை முடியது வரைக்கும் கரைதான். ஆகஸ்டு பிறந்தா கடலுக்குக் கேறிப் போவோம்." பிறகு அவன் சந்தேகமாகக் கேட்டான். "டீச்சர் மீன் வாங்கதில்லியா?"

பெமிலாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மீன் வாங்காமல் என்ன? இந்த இரண்டு மாதமும் மீன் விலை ஏறிக் கிடக்கும், வீட்டில் கருவாடும் முட்டைக் குழம்பும்தான் என்று தக்கலையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெரியும், அவ்வளவுதான். தடைக்காலம் என்றால் கடலோர ஊர்களில் ஆட்கள் கரையேறி உட்கார்ந்திருப்பார்கள் என்றோ, அது முடிகிற நாளும் தங்கள் வகுப்பு தொடங்குகிற நாளும் ஒன்றேயென்றோ அவளுக்கு உறைக்கவில்லை. அவளுக்கு மட்டுமா? திட்டக்குழுவில் உட்கார்ந்து கடலோரக் கல்வியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிய அத்தனை பேரும் ஜூன் மாதம் முட்டைக் குழம்பைத் தின்றுவிட்டு வந்து பேசியவர்கள்தான். ஆட்கள் ஊரில் இருக்கும்போது கதவைப் பூட்டி, படகு கிளம்பும்போது கதவைத் திறந்து வைத்து, யாரும் வரவில்லை என்று நான்கு வருடம் அங்கலாய்த்திருக்கிறார்கள்.

"இறக்குலே" என்றாள்.

"என்னது டீச்சர்?"

"பெஞ்ச எல்லாம் இறக்கு. இருந்த இடத்தில கொண்டு போய்ப் போடு."

லாரி டிரைவர் தலையில் கை வைத்தார். ஷாஜன் சிரித்துக்கொண்டே இறக்கினான். வெறும் லாரியிலேயே ஏறிப் பெமிலா தக்கலைக்குத் திரும்பினாள்.

தாணப்பனுக்கு முதலில் கோபம் வந்தது. தடைக்காலத்தில் வகுப்பு வைக்கக் காலண்டரை மாற்று என்றால் எந்த அதிகாரிக்குத்தான் வராது? "ஒரு ஹாலுக்காவ பல்கலைக்கழகத்துக்க காலண்டரே மாறணுமோ? நாளைக்கு ரப்பர் வெட்டுகவன் வருவான், மறுநாள் செங்கல் சூளைக்காரன் வருவான். இது நடக்கிய காரியமா?"

பெமிலா இதற்குத் தயாராக வந்திருந்தாள். "சார், மாசி மாசம் நம்ம பல்கலைக்கழகத்தில ஒரு வாரம் லீவு உண்டுல்லா. அது எதுக்கு?"

கும்பப்பூ என்கிற மாசிப் போகத்து நெல் அறுவடைக்கு அந்த விடுமுறை; நெல்போகத்தை அங்கே பூ என்றுதான் சொல்வார்கள். வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. தாணப்பன் படித்த காலத்தில் வயலில் அறுவடை, கல்லூரியில் பரீட்சை. அப்பாவோடு களத்தில் நின்று பரீட்சையைக் கோட்டைவிட்டவர் அவர். பதவிக்கு வந்ததும் செய்த முதல் வேலை அந்த விடுமுறை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரே சொல்லிப் பெருமைப்பட்ட கதைதான்.

"நெல்லுக்கு ஒரு பூ உண்டும்னா கடலுக்கும் உண்டு சார். நீங்க கடலுக்க அறுப்புக் காலத்தில கிளாஸ் வச்சிட்டு, ஆளு வரல்லன்னு சொல்லுதிய."

தாணப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு மேலேயே துடைத்தார். "எனக்க கதைய எனக்கே திருப்பி விடுதியா" என்றார். பிறகு, "ஜூலை கடைசியில பரீட்சை வை. நான் நேரில வருவேன். ஹாலு நெறஞ்சிருந்தா அந்த வரிய நானே அடிச்சிருதேன். காலியா கெடந்தா நீ ஒரு சத்தம் காட்டப்பிடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் பெமிலா.

அந்த இரண்டு மாதம் இனயம் அதற்குமுன் பார்க்காதது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தை அறிவித்தார். திங்கட்கிழமை பெஞ்சு நிறைந்தது. பழைய வருடங்களில் பாதியில் விட்டவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். வாத்தியார்கள் விடுமுறை போச்சே என்று மூக்கால் அழுதுகொண்டு வந்தார்கள். வந்தபின் திரும்பிப் போகச் சொன்னாலும் போகவில்லை. ஒரு சந்தேகம் கேட்டால் பத்து சந்தேகம் தொடர்கிற வகுப்பை எந்த வாத்தியார்தான் விடுவார்? வெளியே கடல் குமுறிக்கொண்டு கிடக்க, உள்ளே காலையிலிருந்து சாயங்காலம் வரை எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார்கள்; ஒரு வருடத்துச் சாயங்காலப் பாடம் இரண்டு மாத முழுநாள் வகுப்பில் அடங்கியது. பெமிலா ஆயுளில் இவ்வளவு சந்தோஷமாகப் பாடம் நடத்தியதில்லை.

தடைக்காலத்தின் கடைசி நாள் காலையில் பரீட்சை. தாணப்பன் வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மழைச்சேற்றைத் தாண்டி நேரத்துக்கு வந்துவிட்டார். கூடத்தில் வரிசையாகப் பெஞ்சு. ஒரு குஞ்சு இல்லை.

மணி அடித்தது. யாரும் வரவில்லை. பெமிலா ஷாஜனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. போய்விட்டார்களா? ஒரு நாளுக்கு முன்பே ஏறிவிட்டார்களா?

தாணப்பன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். "உள்ளதச் சொல்லுதேன் பெமிலா, எனக்கும் வருத்தந்தான்" என்றார். அந்த அனுதாபம் அவளைக் கொன்றது.

அப்போதுதான் தெருவில் சத்தம் கேட்டது. பைக்கும் ஆட்டோவும் மினி லாரியுமாகத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து மொத்தக் கூட்டமும் பறந்து வந்தது. முன்னால் ஷாஜன். தலையெல்லாம் நனைந்து, சட்டையில் டீசல் கறை.

"டீச்சரே, இன்னைக்குப் படகு மந்திரிப்பு அல்லியா! ஃபாதர் தீர்த்தம் தெளிக்காம எந்தப் போட்டும் இறங்காது. அது முடியாம எப்படி வருவோம்?"

பெமிலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவள் போகிற புராட்டஸ்டண்ட் சபையில் படகுக்கு மந்திரிப்பு கிடையாது. நெல்லும் காய்கறியும் கொண்டு வந்து படைக்கிற அறுப்பின் பண்டிகையைத் தாண்டி அவளுக்கு என்ன தெரியும்? முட்டைக் குழம்புக் கணக்கில் இன்னொரு தப்பு. எல்லோரும் பெஞ்சில் அடைந்தார்கள். கடைசியில் வந்தவனுக்கு இடமில்லை. தாணப்பன் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். பிறகு பெமிலா கையிலிருந்த வினாத்தாளை வாங்கி, தானே வரிசை வரிசையாக நடந்து கொடுக்க ஆரம்பித்தார். பெரிய அதிகாரி கையால் வினாத்தாள் வாங்கிய பதற்றத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள்.

"இரிங்கலே, இரிங்க" என்றார் அவர். "எழுதுங்க. கடல் எங்கயும் போவாது."

ஆகஸ்டில் ஆட்சிக்குழு கூடியது. முடிவு வந்திருந்தது. ஷாஜனையும் சேர்த்து முதல் டிப்ளமோக்கள் வந்துவிட்டன. இருந்தும் சென்னையிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் விடவில்லை. "நேற்று அந்த மையத்தை நேரில் பார்த்தேன். ஒரு ஆள் இல்லை. இதற்கா மேலும் செலவு?" என்றார்.

பெமிலா வாயைத் திறப்பதற்குள் தாணப்பன் எழுந்துவிட்டார். "அறுத்த வயலப் பாத்துட்டுத் தரிசுன்னு சொல்லப்பிடாது சாரே. எங்க வெளைச்சல் இப்ப கடலில நிக்குது" என்றார். கொண்டு வந்திருந்த தலையணைப் புத்தகத்தைத் திறந்து, எல்லோரும் பார்க்க அந்த வரியைப் பேனாவால் அடித்தார். துணைவேந்தர்தான் முதலில் கைதட்டினார். இனிக் கடற்கரை மையங்கள் எல்லாவற்றுக்கும் தடைக்காலத்தில்தான் வகுப்பு என்று தீர்மானம் நிறைவேறியது. பெமிலா ஜெயித்துவிட்டாள், சந்தேகமேயில்லாமல்.

அன்று சாயங்காலம் அவள் தக்கலைச் சந்தைக்குப் போனாள். படகுகள் வந்து சேர ஆரம்பித்திருந்தன. சாளையும் அயிலையும் குவிந்து கிடந்தன. பூங்கனி மீனை வெட்டிக்கொண்டே மகனின் பட்டறைக்கு எந்த இடம் பார்த்திருக்கிறது என்று சொல்லி முடித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"டீச்சரே, கேக்கேன்னு தப்பா நினைக்கப்பிடாது. போட்டு ஓடாத மாசம் எனக்கும் யாவாரம் இல்லல்லா. எங்க சந்தையில ஒரு பொம்பளைக்கும் இல்ல. அந்த மீன் கெடாம வைக்கிய படிப்பு உண்டே... எங்களுக்கும் சீட்டு உண்டா?"

பெமிலா மீன் பையைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே நின்று தாணப்பனுக்குப் போன் போட்டாள்.

"சார், இனயத்தில பெஞ்சு காணாது. இன்னும் வேணும்."

மறுமுனையில் தாணப்பன் சிரிக்கிற சத்தம் வந்தது.

"லாரி அனுப்புதேன் பிள்ளே" என்றார்.