எல்லோரும் திரும்பி வந்த ஊர்

எங்கள் ஆஷ்க்கோம் கிராமத்துக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருந்ததில்லை. இங்கிலாந்து ராஜாவின் தலையை வெட்டிய காலத்துச் சண்டையில்கூட எங்கள் ஆண்கள் பன்றிகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் பதுங்கியவர்கள். அதனால்தான் ஜெர்மன்காரனோடு நடந்த சண்டைக்குப் போன பதினான்கு பேரும் உயிரோடு வந்து சேர்ந்ததும் ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து ஊர் ஸ்டோக்கில் நினைவுக்கல் முழுக்கச் செத்தவர்களின் பெயர்கள். நமக்குக் கல் எதற்கு, சர்ச் சுவரில் ஒரு நன்றிப் பலகை போதும் என்றார் பாதிரியார் பெல்ஹாம். திரும்பி வந்த பதினான்கு பேரின் பெயர் பொறித்த பித்தளைப் பலகை. அதில் என் புருஷன் ஏமஸின் பெயரும் உண்டு.

திறந்துவைக்க பிஷப் வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பாதிரியார் எங்கள் வாசலில் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"ஹெஸ்டர், ஞாயித்துக்கிழமை ஏமஸை வீட்லயே வச்சுக்கிறியாம்மா? மத்த ஊர்ல செத்தவங்களுக்காக ரெண்டு நிமிஷம் மௌனமா நிக்கணும். அவன் இருமல் இருக்கே..."

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. போர்க்களத்தில் விஷப்புகை குடித்து வந்தவன் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்தபடியே தூங்குகிறவள் நான். தலையாட்டி அனுப்பிவிட்டேன். ஒரு ஞாயிறாவது தனியாகப் போய் வரலாமே என்றுகூடத் தோன்றியது.

ஏமஸ் உள்ளேயிருந்து எல்லாம் கேட்டிருக்கிறான்.

"பேரு வேணும், ஆளு வேணாமாக்கும்? பித்தளை இருமாதுல்ல, அதான்."

"வாயை மூடிட்டுப் படு."

"சட்டையைத் தேய்ச்சு வை ஹெஸ், நானும் வரேன்."

அலுத்துக்கொண்டே தேய்த்தேன்.

கடைசி பெஞ்சில் எங்களைக் கண்டதும் பாதிரியாரின் முகம் சுண்டிப்போனது. பலகையை மூடியிருந்த திரை விலகியது. 'ஒருவரையும் இழக்காத ஊர்' என்று பிஷப் கணீரென்று வாசித்தார். பிறகு எல்லோரும் எழுந்து தலை குனிந்தோம். ஏமஸ் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பாவி, எவ்வளவோ அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. இருமல் கூரைவரை போய் மோதியது, நிற்கவேயில்லை. கொல்லன் பெண்டாட்டி திரும்பி முறைத்தாள். நானும் முறைத்தேன்.

முடிந்ததும் பிஷப் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். ஏமஸுக்குப் பேச மூச்சில்லை. அவன் கையை விடாமல் பிஷப் என்னிடம் கேட்டார்.

"பாவம், எப்போலேருந்தும்மா இவருக்கு இப்படி?"

பக்கத்தில் நின்ற பாதிரியார் தரையைப் பார்த்தார்.

"திரும்பி வந்ததுலேருந்துதாங்க" என்றேன்.