சலவை அறையில் மார்லாவின் குரல்

கூரை விளிம்பில் ஒரு காலும் ஏணியில் ஒரு காலுமாக நின்று கர்ட்டிஸ் ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினான். கீழே ஜன்னலைத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டியிருந்த அம்மா டோரீன், உள்ளே ஒரு காதும் வெளியே ஒரு காதுமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இப்ப எப்படிம்மா?"

"முன்னாடியாவது பாதி புரிஞ்சுது. இப்ப அதுவும் போச்சு. எறங்கு, நீயும் விழுந்து வெக்காத."

காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏணியின் படிகளே தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, அவன் நகரத்திலிருந்து வாங்கி வந்த நீளமான ஆன்டெனா ரேடியோவை இன்னும் கெடுத்துத்தான் வைத்திருந்தது. இறங்கி வந்து பூட்ஸைக் கழற்றும்போதே முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் வாயை வைத்துக்கொண்டு யாரோ பேசுவது போன்ற கொழகொழப்பு. அது அவனுடைய அக்கா மார்லாவின் குரல்தான்.

முன்னறையில் சக்கரம் வைத்த கட்டிலில் அப்பா வாலஸ் படுத்திருந்தார். ஆஸ்பத்திரி அந்தக் கட்டிலைக் கொடுத்ததிலிருந்து ஒரு நர்ஸும் வாரத்தில் மூன்று முறை வந்துகொண்டிருந்தாள். இன்று வந்தவள் போர்வையை விலக்கி அவர் பாதங்களைப் பார்த்தாள், நீலம் பாய்ந்திருந்தது. சமையலறைக்கு அவர்களைக் கூப்பிட்டு, இன்றைக்கோ நாளைக்கோ என்றாள். மூச்சு நின்றதும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் தன் நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும், பதற்றத்தில் ஒன்பது-ஒன்று-ஒன்று என்ற அவசர எண்ணை அழுத்திவிடக் கூடாது, அழுத்தினால் தீயணைப்புக்காரர்கள் வந்து கிழவரின் நெஞ்சைப் போட்டு அமுக்குவார்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த அவசர எண்ணை அழுத்தினால் மறுமுனையில் எடுப்பவர்களில் மார்லாவும் ஒருத்தி. பதினெட்டு வருஷமாக அதுதான் அவள் வேலை. மாவட்டத்தில் எங்கே தீ, எங்கே விபத்து, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று ரேடியோவில் சொல்லும் குரல் அவளுடையது. அந்தப் பதினெட்டு வருஷமும் அப்பா, வண்டிகளின் பேச்சை வீட்டிலிருந்தே கேட்க உதவும் ரேடியோ ஒன்றின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மகளைப் போனில் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற மனுஷர் இல்லை. அவள் குரலைக் கேட்டே, "இவளுக்குச் சளி பிடிச்சிருக்கு, சூப்பு வெச்சு எடுத்துட்டுப் போ" என்று அம்மாவை விரட்டுவார். மார்லா இதைச் சொல்லிச் சிரிப்பாள். தும்மினால்கூட ஊரில் ஒருத்தருக்குத் தெரிந்துவிடுகிறது என்பாள்.

போன இலையுதிர் காலத்தில் மாவட்டம் புது டிஜிட்டல் முறைக்கு மாறியது. பழைய ரேடியோ ஊமையாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் சேர்ந்து கிறிஸ்துமஸுக்குப் புதியது வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சு ஓர் அலைவரிசையில் தொடங்கும், பதில் இன்னொன்றில் வரும், ரேடியோ தானே துரத்திப் பிடிக்கும் என்று கடைக்காரன் பெருமையாகச் சொன்னான். பிடிக்கவும் செய்தது. ஆனால் ஒருநாள் கண்ணாடி மாதிரி பேசும், மறுநாள் அதே இடத்தில் அதே மேசையில் உளறும். யாராவது பக்கத்தில் வந்து நின்றால் சரியாகும், நகர்ந்தால் கெடும். உன் காது போச்சு என்று அம்மா சொல்ல, காது சரியாத்தான் இருக்கு, ரேடியோவுக்குத்தான் நாக்கு தடித்துவிட்டது என்று அப்பா சொல்ல, குளிர்காலம் முழுக்க இந்தச் சண்டைதான்.

இன்று காலை மார்லா கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். அலுவலகத்தில் இரண்டு பேர் காய்ச்சலில் கிடந்தார்கள், ஒருத்தி பனியில் மாட்டிக்கொண்டிருந்தாள். வரமாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன் அப்பா, என்றாள். அப்பா கண்ணைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க இருந்தா நீ அழுவ. அங்க இருந்தா பேசுவ. போ."

"கேப்பீங்களா?"

"வேற என்ன வேல எனக்கு."

அவள் போய்விட்டாள். இப்போது பேசிக்கொண்டும் இருந்தாள். அவருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. காலையிலிருந்து அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான், அதைக்கூடத் தன்னால் செய்து கொடுக்க முடியவில்லையே என்று கர்ட்டிஸ் நொந்துகொண்டான். இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊரில் டயர் கடை வைத்திருப்பவன் அவன். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான், வந்தால் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போவான். கடைசியாக ஒன்று செய்ய வாய்த்தது, அதிலும் கோட்டை விட்டாயிற்று.

அம்மாவுக்குப் பொறுமை போனது. அந்தக் கொழகொழப்பைக் கேட்டு அப்பா புருவத்தைச் சுருக்கிச் சுருக்கிக் களைத்துப் போகிறார் என்று, ரேடியோவை ஒயரோடு பிடுங்கிக்கொண்டு போய்ச் சமையலறைக்குப் பின்னால் இருந்த சலவை அறையில், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தாள். அந்தக் கோபத்திலும் பழக்க தோஷத்தில் பிளக்கைச் செருகிவிட்டாள். ஆன்டெனா ஒயர் கூட இல்லை, பெட்டியோடு வந்த கட்டை விரல் நீளக் குச்சி மட்டும்தான்.

"மூணாம் வண்டி, நீங்க ஸ்டேஷனுக்குத் திரும்பலாம்" என்றது ரேடியோ. அப்பழுக்கில்லாத குரல்.

அம்மாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கர்ட்டிஸுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. மாவட்டத்தின் மூன்று ரேடியோக் கோபுரங்களும் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. வீடு மேட்டில் இருப்பதால் மூன்றும் சம பலத்தோடு வந்து சேர்கின்றன, ஆனால் ஒரு இமைப்பொழுது முன்பின்னாக. மாதா கோயிலில் எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது கடைசி வார்த்தை குழம்புமே, அந்தக் குழப்பம்தான். அவன் பெரிய ஆன்டெனா வைத்து மூன்றையும் இன்னும் இழுத்துக் கொடுத்திருக்கிறான். சலவை அறைக்கு ஜன்னல் கிடையாது, ஒரு பக்கம் மலைச்சரிவு, இன்னொரு பக்கம் தகரக் கொட்டகை. இரண்டு கோபுரங்கள் மறைந்து ஒன்று மட்டும் உள்ளே வந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது ரேடியோவுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. அலைகளை இழுக்கும் பலத்தைக் குறைக்கும் பொத்தான் ஒன்று ரேடியோவில் இருந்தது. அதை அழுத்தியதும் குரல் இன்னும் தெளிந்தது.

ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தால் உடனே உளறல். ஒலிபெருக்கிக்கு நீள ஒயர் வாங்கி இழுக்கலாம் என்றான். இந்தப் பனியில் எந்தக் கடைக்காரன் உனக்காகத் திறந்து வைத்திருக்கிறான் என்று கேட்டாள் அம்மா.

"ரேடியோ அங்க வராட்டி இவரு இங்க வரட்டும். கட்டிலுக்குச் சக்கரம் எதுக்கு இருக்கு?"

சலவை அறைக் கதவைக் கீலோடு கழற்றினார்கள். அப்படியும் கட்டில் பாதிதான் நுழைந்தது. தலை சலவை அறையில், கால்கள் சமையலறையில், நடுவில் நிலைப்படி, பக்கத்தில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடம். தலைமாட்டில் சோப்புத் தூள் டப்பாக்கள். அப்பா கண்ணைத் திறந்து மேலே கொடியில் தொங்கிய தன் சொந்தச் சட்டைகளையே சற்று நேரம் பார்த்தார்.

"என்ன, என்னையும் தொவைக்கப் போறீங்களா?"

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆமாம், ரொம்ப நாளாக அழுக்கு ஏறிக் கிடக்கிறது என்றாள். அதற்குள் மார்லா பேசத் தொடங்கிவிட்டாள். அப்பா ஒரு விரலைத் தூக்கினார், பேசாதே என்று.

மதியம் வரை அப்படியே போனது. ஒரு மரம் விழுந்தது, ஒரு கிழவிக்கு மூச்சுத் திணறியது, லாரி ஒன்று குறுக்கே நின்றது. மார்லா ஒவ்வொருவருக்கும் அதே நிதானத்தோடு வழி சொன்னாள். அப்பாவின் முகத்தில் சுருக்கம் தளர்ந்தது. அம்மா ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டுகொண்டே வந்தது.

பிறகு ஓடையில் ஒரு கார். டேனர் மேட்டுச் சாலையில் வழுக்கிக் கீழே விழுந்திருந்தது, உள்ளே ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். நாலாம் வண்டி கிளம்பிய சற்று நேரத்தில் ஓட்டுபவனின் குரல் வந்தது.

"மார்லா, ரோடே தெரியல. எல்லாம் வெள்ளையா இருக்கு. வலப்பக்கம் கல்லறை மதிலத் தாண்டிட்டோம், அவ்வளவுதான் தெரியும்."

அப்பாவின் உதடு அசைந்தது. கர்ட்டிஸ் குனிந்தான்.

"எடது" என்றார் அப்பா.

"எடப்பக்கம் திரும்புங்க" என்றாள் மார்லா. "வலப்பக்கம் ரோடு மாதிரித்தான் தெரியும், நம்பாதீங்க, அது வயலு."

முப்பது வருஷம் அந்தச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர் அப்பா. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மார்லாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போவார். கர்ட்டிஸுக்கு வண்டியில் குமட்டும், போகமாட்டான். அப்பாவின் முகத்தில் இப்போது சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. மூச்சு ஒன்று வெளியே போனது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள். ரேடியோவில் வண்டி கார் இருந்த இடத்தை அடைந்துவிட்டது. அடுத்தது வரவில்லை.

"கர்ட்டிஸ்" என்றாள் அம்மா.

அவன் அப்பாவின் கழுத்தில் விரல் வைத்தான். அம்மா எழுந்தாள், நேராகச் சமையலறைச் சுவரில் இருந்த போனுக்குப் போனாள். ஒன்பது அழுத்தினாள், ஒன்று அழுத்தினாள். அவன் கட்டிலைத் தாண்டிக் குதித்து அவள் கையைப் பிடித்தான்.

"வேணாம்மா. அத எடுக்குறது அக்காதான்மா."

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. போனை மாட்டிவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். மார்லாவிடம் சொல்ல வேண்டுமே, அலுவலகத்துக்குக் கூப்பிடு என்றாள். கர்ட்டிஸ் நம்பரைத் தேடும்போது ரேடியோ சொன்னது, தண்ணீர் இருக்கை வரை ஏறிவிட்டது, தாய் பேசுகிறாள், குழந்தையிடமிருந்து சத்தமே இல்லை. மார்லா ஆம்புலன்ஸை எந்தப் பக்கம் நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா அவனைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"இரு. அந்தக் கொழந்த மொதல்ல வெளிய வரட்டும்."

அவர்கள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டார்கள். அப்பா கேட்டதைப் போலவே. மார்லாவின் குரலில் ஒரு பிசிறு இல்லை. அந்தக் குரலில் அப்பா இன்னும் உயிரோடு இருந்தார், சலவை அறையில் விரலைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தான் போன் செய்து அவரை அந்தக் குரலிலிருந்து பறித்துவிடப் போகிறோம் என்று நினைத்தபோது கர்ட்டிஸுக்குத் தாங்கவில்லை. இந்த மீட்பு வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்றும் இருந்தது, முடியவே கூடாது என்றும் இருந்தது. அம்மா அப்பாவின் கையை விடவே இல்லை.

ஒரு தீயணைப்புக்காரன் பேச வாயைத் திறந்தான். அவன் வார்த்தை எதுவும் காதில் விழவில்லை, பின்னால் வீறிட்ட அழுகைதான் விழுந்தது. குழந்தையின் அழுகை. அதைக் கேட்டபிறகுதான் அம்மா வாய்விட்டு அழுதாள்.

இருவரையும் ஏற்றியாயிற்று, கிளம்புகிறோம் என்றார்கள். "சரி. நல்ல வேல பண்ணீங்க" என்றாள் மார்லா. அதற்குப் பிறகு ரேடியோவில் அமைதி. இதுதான் நேரம் என்று கர்ட்டிஸ் அலுவலக நம்பரை அழுத்தினான். மேற்பார்வையாளர் ஓரின் எடுத்தார். அவன் பெயரைச் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. நான் சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றான். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, யாரோ நடந்து வரும் சத்தம்.

"கர்ட்டிஸ்?"

"அக்கா" என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. முடிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

மார்லா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் பேசினது அவருக்குக் கேட்டுச்சா? இல்ல, அந்தப் பாழாப்போன பெட்டி..."

"கேட்டுச்சுக்கா. வார்த்தைக்கு வார்த்தை கேட்டுச்சு. நீ எடதுன்னு சொல்றதுக்கு முன்னாடியே அவரு சொல்லிட்டாரு."

மறுமுனையில் போன் மேசை மேல் வைக்கப்பட்டது. யாரும் அதை எடுத்து மாட்டவில்லை. கர்ட்டிஸ் தன் பக்கத்தை மாட்டிவிட்டு வந்தான்.

ரேடியோவில் இப்போது ஓரினின் குரல் வந்தது. டேனர் மேட்டுப் பக்கம் பனி தள்ளிக்கொண்டிருந்த வண்டியைக் கூப்பிட்டார்.

"அந்த ரோட்ட அப்படியே விட்டுட்டு ஆபீஸ் வாசலுக்கு வா. மார்லா கார் நிக்கும். வீடு வரைக்கும் அவளுக்கு வழி போட்டுக் கொடுக்கணும்."

"மார்லா வீட்டுக்கா?"

"இல்ல. வாலஸ் வீட்டுக்கு."

மாவட்டம் முழுவதும் எத்தனை வண்டிகள், எத்தனை சமையலறைகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தனவோ, எதுவும் குறுக்கே பேசவில்லை.

"சரி" என்றான் ஓட்டுபவன். "நான் முன்னாடி போறேன். பின்னாடியே மெதுவா வரச் சொல்லுங்க."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி அடுப்புப் பக்கம் போனாள்.

"அவனுக்கும் சேத்து காப்பி வெக்கிறேன்" என்றாள்.