தற்காலிகமாக இன்றியமையாதவர்

ஸ்காட்லாந்திலிருந்து கடிதம் வந்த அன்று தேவதர்ஷினியின் அப்பா பச்சமுத்து மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு கொல்லையில் கூலிக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். மகள் போனில் சொன்னதில் அவருக்குப் புரிந்தது இரண்டே விஷயம்தான். ஒன்று ஆறு வாரம், இன்னொன்று வெளிநாடு. பொழுது சாய்வதற்குள் சர்க்கரை ஆலை வாசலில் டிராக்டரோடு வரிசையில் நின்றவர்கள் வரைக்கும் செய்தி போய்விட்டது.

"எப்பம்மா ஏரோப்ளேன் ஏறப்போற?"

"இன்னும் ஆபீஸ்ல லீவு வாங்கணும்பா. அப்புறம் விசா வாங்கணும்."

"தொழில கத்துக்கினு வரப்போறவள எவன் வேணாங்கப்போறான்?" என்றார் பச்சமுத்து. அவர் எந்த ஆபீசுக்கும் போய்ப் பழகாதவர்.

தேவதர்ஷினி டாக்டராகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஏழு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த டாக்டர். அங்கே டாக்டர் என்றால் அவள் ஒருத்திதான். போன மழைக்காலத்தில் பலா மரத்திலிருந்து விழுந்த ஒருவரை ஆம்புலன்சில் ஏற்றி, கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிற வழியில் பாதிக் கொண்டை ஊசி வளைவுகளைக்கூடத் தாண்டாமல், அவள் கண் முன்னாலேயே பறிகொடுத்தாள். அன்றிலிருந்து, வேலை தெரிந்த ஒருவர் அந்த வண்டியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. மலைகளிலும் தீவுகளிலும் அவசர சிகிச்சை செய்வதற்கென்றே இளம் டாக்டர்களைப் பழக்குகிற ஒரு மருத்துவமனை ஸ்காட்லாந்தில் இருப்பது தெரிந்து எழுதிப் போட்டாள். அவர்களும் சம்மதித்தார்கள். பரிமாற்றப் பயிற்சி அது. இவள் அங்கே போகவேண்டும், அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார்.

கள்ளக்குறிச்சி சுகாதார அலுவலகத்தில் அவளுடைய கோப்பு நாராயணசாமியின் மேஜைக்குப் போனது. அவர் கெட்டவர் இல்லை. எழுதுகிற கடிதத்தால் பின்னால் யாருக்கும் தொல்லை வரக்கூடாது என்பதில் மட்டும் கண்ணாக இருப்பவர்.

"ஆட்சேபணை இல்லைன்னு சான்றிதழ் தந்துடலாம் டாக்டரம்மா. லீவு வேற கோப்பு. அது தனியா வரும்."

சான்றிதழ் மூன்று மாதத்தில் வந்தது. 'இவர் முற்றிலும் தற்காலிகமான ஒப்பந்தப் பணியாளர். இவரது பணி எந்நேரமும் முன்னறிவிப்பின்றி முடித்துவைக்கப்படலாம். இவர் வெளிநாடு செல்வதில் ஆட்சேபணை ஏதுமில்லை.' அதை இணைத்துத்தான் அவள் விசாவுக்கு விண்ணப்பித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விசா அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பயிற்சி முடிந்து சொந்த நாட்டுக்குத் திரும்பி வருவதற்கு அவளுக்கு அங்கே உறுதியான வேலை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே விசா கிடையாது என்று எழுதியிருந்தார்கள். வியாழக்கிழமை லீவுக் கோப்பு வந்து சேர்ந்தது. 'மேற்படி நிலையத்தில் வேறு மருத்துவர் இல்லாததாலும், இவரது பணி இன்றியமையாதது என்பதாலும், ஒரு நாளும் விடுப்பு வழங்க இயலாது.'

நர்ஸ் பாரதி சான்றிதழையும் லீவுக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

"மேடம், ஒரே ஆளப் பத்திதான் எழுதிக்கிறாங்களா?"

தேவதர்ஷினிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் ஊசி போடுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். வெளியே முப்பது பேர் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்றியமையாதவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

வர முடியவில்லை என்று ஸ்காட்லாந்துக்கு எழுதினாள். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. கூடவே ஒரு கேள்வி: எங்கள் டாக்டர் இயோனா டிக்கெட் எடுத்துவிட்டார், விசாவும் ஐந்து நாளில் கிடைத்துவிட்டது, அவராவது வரலாமா?

தன் லீவுக்கே இவ்வளவு என்றால் அந்நிய நாட்டு டாக்டருக்கு அனுமதி வாங்க ஒரு யுகம் ஆகும் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் மலையிறங்கினாள். விஷயத்தைக் கேட்டதும் நாராயணசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வெள்ளைக்காரங்களா? நம்ம மலைக்கா? எத்தினி பேரு?"

"ஒருத்தங்கதான் சார். கத்துக்க வராங்க."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?"

நாலாம் நாள் அனுமதி வந்தது. பின்னாலேயே சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தது. இரண்டு மொழியில் புதுப் பெயர்ப்பலகை வந்தது. பாரதி நான்கு வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்த கக்கூஸ், பத்து நாளில் ஓடு பதித்து, குழாயில் தண்ணீரோடு எழுந்து நின்றது.

"நம்ம வவுறு வலிக்கும்போது ஒருத்தனுக்கும் காதுல வுழல. அவங்க வவுறு இன்னும் வரவேயில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே பாரதி அதன் சாவியைத் தன் கொத்தில் கோர்த்துக்கொண்டாள்.

இயோனா வந்தாள். முகமெல்லாம் புள்ளி விழுந்த, தன்மையான பெண். வயதும் ஏறக்குறைய தேவதர்ஷினியின் வயதுதான். அவளுடைய பயிற்சிப் படிவத்தில் 'மேற்பார்வையாளர்' என்ற இடத்தில் தேவதர்ஷினியின் பெயரைத் தட்டெழுதியிருந்தார்கள். அதைத் தேவதர்ஷினி இரண்டு தடவை படித்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த காசியம்மாளைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. தேவதர்ஷினி கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஜன்னலில் நிறுத்திவைத்தாள்.

"இதை இருபது நிமிஷம் யாரும் தொடக்கூடாது" என்று இயோனாவிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "அதற்குள் உறைந்தால் சரி. உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது."

"பரிசோதனைக் கூடம்?"

"இந்த ஜன்னல்தான்."

குழாயைச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீராக ஓடியது. ஃப்ரிட்ஜில் விஷமுறிவு மருந்து எட்டுக் குப்பிதான் இருந்தது. எட்டையும் ஏற்றிக்கொண்டே வண்டியில் கிளம்பினார்கள். ட்ரிப்ஸ் பாட்டிலை உயர்த்திப் பிடிக்கிற வேலை இயோனாவுடையது. வளைவுகளில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஒரு கையால் பிளாஸ்டிக் பையைப் பிடித்து அதில் வாந்தி எடுத்தாள். பாட்டில் பிடித்த கை மட்டும் இறங்கவில்லை.

"பாவம், அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று படுத்திருந்த காசியம்மாள் கேட்டாள்.

காசியம்மாள் பிழைத்தாள். ஒன்பதாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனாள். இயோனா கற்றுக்கொண்டவை என்று இருபத்தேழு வரிகள் எழுதிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தாள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ஸ்காட்லாந்திலிருந்து கடிதம். மலைப்பகுதி டாக்டர்களுக்கு ஒரு மாநாடு நடக்கிறது, பாம்புக்கடி பற்றி டாக்டர் தேவதர்ஷினி அரை மணி நேரம் சிறப்புரை ஆற்ற வேண்டும், செலவெல்லாம் எங்களுடையது. கற்றுக்கொள்ளக் கேட்டவளுக்கு உறுதியான வேலை இருக்கிறதா என்று துருவிய விசா அலுவலகத்தார், கற்றுக்கொடுக்கப் போகிறவளிடம் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் விசா வந்தது. லீவு உத்தரவை நாராயணசாமி தன் கையாலேயே கொடுத்தார். 'மாவட்டத்துக்குப் பெருமை சேர்க்கும் பொருட்டு' என்று அதில் இருந்தது.

"மலைக்கு யார் சார் டாக்டர்?"

"கீழேந்து ஒருத்தர பத்து நாளைக்குப் போட்டுக்கிறோம். நீங்க கவலப்படாம போய்க்கினே இருங்க."

அப்படி ஒருவர் இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று கேட்க அவள் வாயெடுத்தாள். கேட்கவில்லை. உத்தரவில் மை இன்னும் காயாமல் இருந்தது.

மாநாட்டில் எண்பது டாக்டர்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஜன்னலில் வைத்த ரத்தக் குழாயின் படம் வந்தபோது முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று போட்டோ எடுத்தார். கைதட்டல் ஓய்ந்த பிறகு தேவதர்ஷினி இயோனாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"உங்கள் மருத்துவமனைக்கு வருஷத்துக்கு எத்தனை பாம்புக்கடி வரும்?"

இயோனா யோசித்தாள். "நான் சேர்ந்த பிறகு எதுவும் இல்லை. ஆறு வருஷம் முன்னால் ஒரு நாயைக் கடித்ததாகச் சொல்வார்கள்."

ஊர் திரும்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவசரப் பிரிவில் அந்த இரண்டு நாளும் கூட நின்று கொஞ்சம் பழகிக்கொள்ளலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டாள். அந்த அம்மாள் மிகவும் சங்கடப்பட்டாள். பயிற்சி என்றால் விசாவே வேறு, படிவமும் வேறு. விருந்தினராக வந்தவர் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்கலாம், ஆனால் எந்த நோயாளியையும் தொடக்கூடாது.

ஆகவே தேவதர்ஷினி கழுத்தில் விருந்தினர் அட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, இயோனா பின்னால் நடந்தாள். ஒவ்வொரு கருவியையும் நின்று பார்த்தாள். அதில் பாதி, அன்று அந்த ஆம்புலன்சில் இருந்திருந்தால் உதவியிருக்கும். மீதிப் பாதிக்கு அந்த வண்டியில் கரண்டே போதாது. இதையெல்லாம் மனதில் எழுதிக்கொண்டே வந்தாள்.

கடைசிக் கட்டிலில் ஒரு வயதான அம்மாள் தனியாகப் படுத்திருந்தாள். இயோனாவை யாரோ கூப்பிட, அவள் அந்தப் பக்கம் போனாள். அம்மாள் தேவதர்ஷினியைப் பார்த்துக் கையை நீட்டினாள். தேவதர்ஷினி சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள்தான் நோயாளியைத் தொடக்கூடாது. நோயாளி அவளைத் தொடக்கூடாது என்று எந்தப் படிவத்திலும் எழுதியிருக்கவில்லை. பின்னால் கட்டியிருந்த கை முன்னால் வந்தது. அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

கை சில்லென்று இருந்தது. பழக்கத்தில் அவள் விரல்கள் தாமாகவே மணிக்கட்டுக்கு நகர்ந்தன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். எண்பத்து நாலு. தாளம் தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இயோனா திரும்பி வருகிறவரை கையை எடுக்கவும் இல்லை.