பாவு பிடிக்க ஓர் ஆள்

மூன்று நாளாக சுன்மி வீட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கீழ்வீட்டுக் கன்னியம்மாள் மாடிப்படி ஏறி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னா சுமதி, தீபாவளி முடிஞ்சி ஒரு மாசம் ஆவுதே?"

சுன்மி என்ற பெயர், அவள் ஆரணிக்கு வந்த முதல் வாரமே சுமதி ஆகிவிட்டது. தொண்ணூற்று நாலில் கணவன் ஜேஹோவோடு கொரியாவிலிருந்து கிறிஸ்தவ ஊழியம் செய்ய வந்தவள். இப்போது நான்கு வருஷம்.

"ஊர்லருந்து பெரியவர் வரார் அக்கா. எங்களப் பார்க்க."

"பார்த்துட்டு?"

"நாங்க இங்க இருக்கலாமா, திரும்பிப் போவணுமான்னு சொல்லுவார்."

கன்னியம்மாள் மெல்லத் தலையாட்டினாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு பெண் தரையை இந்தத் தேய் தேய்க்கிறாள் என்றால், வருகிறவர் மாமனாரைத் தவிர வேறு யார்? அதை சுன்மியிடம் அவள் கேட்கவில்லை. தெருவுக்கு மட்டும் சொல்லி வைத்தாள்.

வருகிறவர் மூப்பர் பாக். அவர்களை அனுப்பிவைத்த சபையின் பெரிய தலை. எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதுதான் அவர் கேட்கப்போகும் கேள்வி. இதுவரை ஒருவரும் இல்லை. ஞாயிறு ஆராதனைக்கு ஏழு பேர் வருவார்கள், ஏழு பேரும் ஏற்கனவே கிறிஸ்தவர்கள். வியாழக்கிழமை ஜேஹோ பெரணமல்லூருக்கு பஸ் ஏறிப் போய் இரண்டு குடும்பங்களுக்கு வேதபாடம் நடத்துவான். மற்றபடி மார்க்கெட், சமையல், தமிழ் பாடம். விடிகாலையில் தறியில் ஏற்றுவதற்கான பட்டுப் பாவைத் தெருவில் நீட்டும் நாட்களில், நூல் தொய்யாமல் ஒரு முனையை இழுத்துப் பிடிக்கும் வேலை. இதையெல்லாம் அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இன்னும் மூன்று வருஷம் வேண்டும் என்று அவள் ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

மூப்பர் வந்து சேர்ந்த அன்று சாயங்காலமே தெருப் பெண்கள் படியேறி வந்துவிட்டார்கள். கன்னியம்மாள் பட்டுப் புடவையில், கையில் கேசரித் தட்டோடு. பின்னால் எதிர்வீட்டுப் பரிமளா.

"ஐயா, இந்தப் பொண்ண ஒரு குறை சொல்ல முடியாது," என்று கன்னியம்மாள் உட்காரும் முன்பே ஆரம்பித்தாள். "காலைல நேரத்தோட எழுந்துக்கும். சாருக்கு எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது."

"அந்தக் கோசு ஊறுகா நாத்தந்தான் பேஜாரு," என்றாள் பரிமளா.

"நீ சும்மா இருடி. அவங்க ஊருக்கு அது."

மூப்பரைத் தன் மாமனார் என்று நினைத்திருக்கிறார்கள் என்பது சுன்மிக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றது. ஜேஹோவின் தமிழ் இன்னும் தடுக்கி விழும். மூப்பருக்கு மொழிபெயர்ப்பது அவள்தான்.

"இந்த அம்மா இயேசுவை விசுவாசிக்கிறாரா? கேள்," என்றார் மூப்பர்.

கேட்டாள்.

"பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றாள் கன்னியம்மாள். "எங்களுக்கு எங்க சாமி இருக்குது. ஞாயித்துக்கிழமை இவங்க பாடறது கேக்கும், நல்லாத்தான் இருக்கும். எனக்கு மஞ்சக்காமாலை வந்து கெடந்தப்ப பதினாறு நாளு கஞ்சி வெச்சிக் குடுத்தா. நான் எங்க சாமிய வேண்டிக்கினேன், இவ இவங்க சாமிய வேண்டிக்கினா. யாரு கேட்டாங்களோ, பொழச்சிக்கினேன்."

மூப்பர் சுன்மியின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. விசுவாசிக்கிறார் என்று சொன்னால் போதும், மூன்று வருஷம் கையில். ஜேஹோ தரையைப் பார்த்தான்.

கன்னியம்மாள் சொன்னதை சுன்மி சொன்னபடியே மொழிபெயர்த்தாள். 'யாரு கேட்டாங்களோ' என்பதைக்கூட விடவில்லை.

மூப்பர் கேசரியில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்கச் சொன்னார்.

"ஆமாங்க. மருமவள இட்டுக்கினு போறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. பாவு புடிக்க ஆளு ஜல்தியா கெடைக்காது. இவ புடிச்சா ஆடாது."

'மருமகள்' என்பதையும் சுன்மி அப்படியே சொன்னாள். மூப்பர் திகைத்து, பிறகு இருமல் வரும்வரை சிரித்தார்.

மறுநாள் விடியும் முன்பே தெரு நீளத்துக்கும் அரக்கு நிறப் பாவு நீண்டிருந்தது. வேடிக்கை பார்க்க இறங்கி வந்த மூப்பரைக் கன்னியம்மாளின் புருஷன் தனகோடி விடவில்லை. ஜாடை காட்டி, பாவின் ஒரு முனையைப் பிடித்து நின்ற சுன்மியின் பக்கத்தில் நிறுத்தி, அந்த முனையில் கோத்த குறுக்குக் கழியின் மறுபாதியை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"ஆட்டாதீங்க பெரியவரே!"

"என்ன சொல்கிறார்?"

"அசையக் கூடாதாம்."

மூப்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, நூலைப் பார்த்தபடியே பேசினார். "சபையில் எண்ணிக்கை கேட்பார்கள். பூஜ்யம் என்றுதான் சொல்வேன்."

சுன்மி அவர் பக்கம் திரும்பினாள். கழியை மட்டும் ஆட்டவில்லை.

"நீ எதையும் மாற்றிச் சொல்லவில்லை என்பதையும் சொல்வேன். நீ வாய் திறக்கும் முன்பே உன் கணவன் தரையைப் பார்த்தான். அந்த அம்மா சொன்னது நல்ல பதில் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது." கழியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "ஒரு வருஷம் வாங்கித் தருகிறேன். அதற்கு மேல் என் கையில் இல்லை."

அவள் கேட்டது மூன்று. கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம் என்றால் கழியை விட முடியவில்லை.

"இன்னா அங்க மாமனாரும் மருமவளும் கதை பேசிகினு?" மறுமுனையிலிருந்து கன்னியம்மாளின் குரல் வந்தது. "தொய்யுது பாரு, இழுத்துப் புடிங்க!"

இரண்டு பேரும் இழுத்துப் பிடித்தார்கள்.