பக்கிரிசாமியின் பதினெட்டாவது நெஞ்சுவலி

அந்த வருஷம் பக்கிரிசாமிக்குப் பதினேழு முறை நெஞ்சுவலி வந்தது. எல்லாமே பகலில், மகன் கிஷோரும் மருமகளும் வேலைக்கு ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ் ஏறிய பிறகு. 108-ஐக் கூப்பிட்டு, திருப்பதி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் போய் இறங்குவார். ஒருமுறை காணிப்பாக்கத்துப் பிள்ளையார் கனவில் வந்து நெஞ்சின்மேல் உட்கார்ந்தவர், எழுந்துபோக மறந்துவிட்டார். இன்னொரு முறை இதயம் பதினொரு நிமிஷம் நின்று, சலித்துப்போய்த் தானாகவே ஓட ஆரம்பித்தது. திருத்தணியிலிருந்து வந்து வேலை பார்க்கும் நர்ஸ் கன்னிகா எல்லாவற்றையும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு பிரஷர் பார்ப்பாள்.

பதினேழாவது முறை, "கதையெல்லாம் கெடக்கட்டும் நைனா. நெஜமா இன்னா பண்ணுது?" என்றாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லல நைனா."

"நகரியில நாப்பது வருஷம் பவர்லூம் பக்கத்துலயே துன்னு, அங்கயே தூங்கனேன். என் நெஞ்சு அடிக்கறத நான் கேட்டதே இல்ல கண்ணு. இப்ப மூணாவது மாடியில கதவ சாத்திக்கினு ஒக்காந்தா அது ஒண்ணுதான் கேக்குது. தறி சத்தம் தாளம் தப்புச்சுன்னா எங்கியோ நூல் அறுந்துச்சுன்னு அர்த்தம். இது தப்பித் தப்பி அடிக்குது. பயமா கீது. இங்க ஸ்ட்ரெச்சரு, அழுகை, மிஷினு. இந்தச் சத்தத்துல அது கேக்கல."

கன்னிகா அவர் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

பதினெட்டாவது வலியோடு வந்தபோது டாக்டர் வரதராஜன் கையில் ஒரு தாள் இருந்தது. அடிக்கடி வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள் என்று ஆஸ்பத்திரி எடுத்த பட்டியல். முதல் பெயர் அவருடையது. அதற்கு நேராக அவர் போன தடவை சொன்னது அத்தனையும், கன்னிகாவின் கையெழுத்தில். பக்கத்தில் கிஷோர், டாக்டர் கூப்பிட்டதால் லீவு போட்டுவிட்டு.

"வாங்க, தறித் தாத்தா," என்றார் டாக்டர், அன்பாகத்தான்.

"சத்தந்தான் வேணும்னா டிவிய போட்டுக்கினு இரேன் நைனா," என்றான் கிஷோர். "அதுக்கா ஆம்புலன்ஸு?"

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள்கூடச் சிரித்தார்கள்.

பக்கிரிசாமி கன்னிகாவைப் பார்த்தார். பதினாறு பொய்களைப் பத்திரமாக வைத்திருந்தவள். சொன்ன ஒரே நிஜத்தை அவளால் வைத்திருக்க முடியவில்லை.

"உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன் நைனா," என்று பிரஷர் பட்டையோடு கிட்டே வந்தாள். "இப்ப இன்னா பண்ணுது?"

இத்தனை மாதமும் அவளிடம் தமிழிலேயே பேசியவர், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்வதுபோல், "ஏமீ லேதம்மா," என்று தெலுங்கில் சொன்னார். ஒன்றுமில்லையாம். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

காரில் ஏறியதும் கிஷோர் பாட்டை உரக்க வைத்தான். பக்கிரிசாமி கையை நீட்டி அதை அணைத்தார்.